கிளறக் கூடாத கேக்

எங்கள் ஊரில் கச்சான் என்றால் இரண்டு. ஒன்று, கடதாசிச் சுருளில் கட்டி விற்கிற கச்சான் கொட்டை. மற்றது, ஆனி ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வந்து உதட்டையும் வளவையும் ஒன்றாகக் காயவைத்துவிட்டுப் போகிற கச்சான் காற்று. காற்றுக் காலத்தில் கொட்டை விற்பதால்தான் இரண்டுக்கும் ஒரே பெயர் என்று சின்ன வயதில் நானாகவே ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

‘கச்சான் பட்டர்’ என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது 1987இல், ஒரு கசட்டில். உம்மா அப்போது சவூதியில், அல்கோபரில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றார். எனக்குப் பத்து வயது. கடிதம் வந்து சேர மூன்று கிழமை, நான்கு கிழமை ஆகும். உம்மாவுக்கு எழுத்தும் சரளமில்லை. லீவில் வருகிறவர்களின் கையில் கசட் கொடுத்தனுப்புவார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போனவர்களின் வீடுகளில் எல்லாம் இதுதான் வழமை. மூத்தம்மா ரேடியோவைப் பாயில் வைத்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் சுற்றிவர இருக்க, உம்மாவின் சலாத்தில் தொடங்கி ஒவ்வொருவரின் சுகமாக விசாரிக்கப்படும். தன் பெயர் வரும்வரை எவரும் எழும்பமாட்டார்கள்.

அந்தக் கசட்டில் உம்மா ஒரு கேக்கைப் பற்றிச் சொன்னார். வேலை செய்த வீட்டுக்காரர் அமெரிக்காவில் படித்து வந்தவர். அவரது மனைவி அங்கே பழகிக்கொண்ட கேக்காம். மாவுக்குள் கச்சான் பட்டர் போட வேண்டுமாம். ஓவனுக்குள் தள்ளுமுன் கொதிதண்ணீரை அப்படியே மேலே ஊற்ற வேண்டுமாம். “ஊத்திப்போட்டுக் கிளறப்போடா. தண்ணி தானா அடியில போயி சொக்லேட் கொழம்பா நிக்கிம்” என்றார். பாயைச் சுற்றியிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கேக்குக்குத் தண்ணீர் ஊற்றுவதா? அப்போதுதான் கசட்டில் தூரத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் குரல் அறபியில் எதையோ கேட்டது. உம்மா அறபியிலேயே பதில் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. எனக்குப் பெருநாளைக்குக்கூட கேக் போட்டுத் தராத உம்மா, யாரோ ஒரு பிள்ளைக்குக் கேக் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். எங்கள் வீட்டில் ஓவன் இல்லை என்பதும், பெருநாள் கேக் எல்லாம் பேக்கரிப் போறணையில் கொடுத்துச் சுட்டெடுத்ததுதான் என்பதும் அந்தக் கோபத்துக்குத் தெரியவில்லை.

அந்தக் கசட்டுகள் இப்போது இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன சாமான்களில் அவையும் சேர்த்தி. வீடு நின்றது. உம்மா சவூதிக்குப் போனதே அந்த வீட்டுக்காகத்தான். எங்கள் பகுதியில் பெண்பிள்ளை பிறந்தால் வீடும் சேர்ந்து பிறக்க வேண்டும். கலியாணத்துக்கு முன்னர் அவள் பெயரில் ஒரு கல்வீடு எழும்ப வேண்டும். வாப்பா போடியார் வயலில் கூலிக்குப் போனவர். 1986 முதல் 1993 வரை உம்மா மூன்று முறை போய் வந்து கட்டிய வீட்டின் குசினியில்தான் நான் இன்றுவரை சமைக்கிறேன்.

பின்னாளில் எழுதத் தொடங்கியபோது இதைத்தான் முதலில் கதையாக்கினேன். பணிப்பெண்ணாகப் போன ஒரு தாய், எசமானியின் பிள்ளைக்குக் கேக் மா குழைக்கும்போது தன் பிள்ளையை நினைத்து அழுகிறாள். கண்ணீர் மாவுக்குள் விழுகிறது. ஒரு பத்திரிகையின் பெருநாள் மலரில் வந்தது. பலர் பாராட்டினார்கள். நம்முடைய கதைகளில் வெளிநாட்டுக்குப் போன பெண் சூடுபட்டுத் திரும்புவாள், அல்லது பெட்டியில் திரும்புவாள். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. மூதூர் றிஸானா நபீக்குக்கு 2013 ஜனவரியில் நடந்ததை மறந்துவிட்டு எவரும் இந்த விசயத்தைப் பேச முடியாது. ஆனாலும் கதை எழுதும் நாங்கள் அந்தப் பெண்களுக்கு அழுவதைத் தவிர வேறொரு வேலையும் கொடுக்கவில்லை. உம்மாவுக்கு அந்தக் கதையை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “நல்லாரிக்கி மகள்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இனி 2022க்கு வருகிறேன். அந்த மார்ச் மாதக் கடைசி எவருக்கும் மறந்திருக்காது. மின்வெட்டு ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம், பதின்மூன்று மணித்தியாலம் என்று போனது. கேஸ் சிலிண்டருக்கு விடியப்புறத்திலிருந்து வரிசை. ஆசிரியையான என் சம்பளம் பாதிக் கடைச் சாமானுக்கும் காணாது. அந்த நேரத்தில்தான் என் மகளுக்குத் தோஹாவில் ஒரு கணக்குப் பிரிவில் வேலை சரிவந்தது. நான் முடியாது என்றேன். அவளது வாப்பா, பிள்ளையின் விருப்பம் என்றார். நானோ ஒரே ஒரு காரணத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: “உம்மம்மா ஏழு வருசம் அங்க பட்ட பாடு காணாதா?” உம்மா பக்கத்தில்தான் இருப்பார். அவர் எனக்காகப் பேசுவார் என்று காத்திருந்தேன். இரண்டு கிழமையாக அவர் வாயே திறக்கவில்லை.

ஒரு பின்னேரம் மகள்தான் கேட்டாள், கசட்டில் சொன்ன அந்தக் கேக்கைப் போடுவோமா என்று. கதையை வாசித்திருக்கிறாள். முட்டை வேண்டியதில்லை என்று உம்மா சொன்னதும் எனக்கும் சம்மதமானது. முட்டை விற்ற விலை அப்படி.

கடைகளில் இறக்குமதிச் சாமான்கள் அருகிப்போயிருந்தன. கச்சான் பட்டருக்கு எங்கே போவது? இரண்டு சுண்டு கச்சானை வாங்கி, கரண்ட் இருந்த காலை நேரத்திலேயே வறுத்து, தோலைக் கசக்கிச் சுளகில் புடைத்தோம். சூம்பினதையும் கறுத்ததையும் உம்மா தடவித் தடவியே பொறுக்கி எறிந்தார். அவருக்குக் கண்பார்வை மங்கல், விரல்கள் மோசமில்லை. பூஞ்சணம் பிடித்த கச்சானில் நஞ்சு இருக்கும், சூட்டிலும் அது போகாது என்று மகள் விளக்கினாள். அது உம்மாவுக்கு அவள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிரைண்டரில் போட்டபோது முதலில் மாவாக வந்தது, பிறகு ஒரு உருண்டையாகி மூடியில் ஒட்டிக்கொண்டது. பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். “நிப்பாட்டாத” என்றார் உம்மா. இன்னும் சிறிது நேரம் ஓடியதும் கொட்டைக்குள் இருந்த எண்ணெய் விட்டு, குழம்பு போல இளகி வந்தது. ஒரு துளி எண்ணெய்கூட வெளியிலிருந்து ஊற்றவில்லை.

அளவைச் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் இருப்பார்கள். கோதுமை மா ஒரு கோப்பை, சீனி அரைக் கோப்பை, கொக்கோத் தூள் இரண்டு மேசைக்கரண்டி, பேக்கிங் பௌடர் இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. இதற்குள் முக்கால் கோப்பை பால், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், கால் கோப்பை கச்சான் பட்டர். கட்டியில்லாமல் குழைத்து, எட்டு அங்குலத் தட்டில் பரவ வேண்டும். கொஞ்சம் ஆழமான தட்டாக இருந்தால் நல்லது, வழிந்தால் ஓவன் நாறிவிடும். பிறகு இன்னொரு அரைக் கோப்பை சீனியையும் கால் கோப்பை கொக்கோவையும் கலந்து மேலே தூவி, ஒன்றேகால் கோப்பை கொதிதண்ணீரை ஒரு கரண்டியின் முதுகில் விழவிட்டு ஊற்ற வேண்டும். பார்க்கச் சகிக்காது. பெருக்கெடுத்த வாய்க்காலில் மண் கரைந்த மாதிரி இருக்கும். கையில் கரண்டி இருப்பவருக்குக் கிளறாமல் இருக்க முடியாது. நான் கரண்டியை எடுத்தேன், உம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

நடப்பது இதுதான்: சூட்டில் பேக்கிங் பௌடர் காற்றைக் கிளப்ப, மா இலேசாகி மேலே எழும்புகிறது. சீனியையும் கொக்கோவையும் கரைத்துக்கொண்ட தண்ணீர் பாரமாகிக் கீழே இறங்குகிறது. இறங்கும்போது மாவிலிருந்தும் கொக்கோவிலிருந்தும் கிடைக்கும் மாப்பொருளால் தடித்துக் குழம்பாகிறது. கிளறினால் இரண்டும் ஒன்றாகிக் கூழ்தான். 180 பாகை சூட்டில் முப்பது, முப்பத்தைந்து நிமிடம். மேலே வெடிப்பு விட்டுக் காய்ந்திருக்க வேண்டும், அசைத்தால் அடியில் தளும்ப வேண்டும்.

எங்கள் கேக் பன்னிரண்டு நிமிடம் வெந்தபோது கரண்ட் போனது. அட்டவணைப்படி இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

எனக்கு அழுகை வந்தது. கேக்குக்காக இல்லை என்று அப்போதே தெரியும். கொக்கோவும் சீனியும் பாலும் அந்த நாட்களில் விளையாட்டுச் சாமான்களும் இல்லை. “ஓவனத் தொறந்திராத, உள்ளுக்குச் சூடு நிக்கிம்” என்று உம்மா மட்டும் எழும்பினார். வளவுக்குள் போய் மூன்று கல்லில் சிரட்டையை மூட்டச் சொன்னார். மூத்தம்மாவின் பெரிய அலுமினியச் சட்டியில் கடற்கரை மணல் இரண்டங்குலம். மணல் சுட்டதும் தட்டை அதன்மேல் வைத்து, தகட்டு மூடியால் மூடி, மூடியின் மேல் சிரட்டைக் கரித் தணல். கீழே நெருப்பைக் குறைத்து மேலே கூட்டச் சொன்னார். மூத்தம்மா இப்படித்தான் வட்டிலப்பத்துக்கும் மேல்நெருப்பு வைப்பாராம், சட்டியில் அவிப்பதை அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டாராம். நான் மூத்தம்மாவின் மடியில் வளர்ந்தவள், எனக்கு அது ஞாபகமில்லை.

அந்த இருட்டில், தணல் வெளிச்சத்தில் மூன்று பேரும் குந்தியிருந்தோம். ஊரே இருண்டு கிடந்தது. உம்மா தானாகத்தான் பேசினார்.

“மகள், நான் அங்க அழுதுகிட்டே கெடந்தன் எண்டு நீ எழுதி வெச்சிரிக்காய். அழுததுதான், இல்லெண்டு செல்லல்ல. ராவைல அழுவன். எண்டாலும் கேக் போடக்குள்ள அழல்ல. அந்த ஊட்டுக் குசினி எனக்குப் புடிக்கும். பொகை இல்ல. சாமான் எல்லாம் அளந்து வெச்சிரிக்கிம். ஓவன மூடினா அர மணித்தியாலம் ஒருத்தரும் என்னக் கூப்பிடமாட்டாங்க. அது என்ட நேரம். இஞ்ச எனக்கு அப்படி ஒரு நேரம் ஒருநாளும் இருக்கல்ல.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, “அப்ப என்னத்துக்கு உம்மா கத வாசிக்கக்குள்ள செல்லல்ல?” என்று கேட்டேன்.

“நீ அழுதழுது வாசிச்சாய். எப்படிச் செல்லுற?”

மகள் ஒரு குச்சியால் தணலைச் சீர்செய்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. அந்தப் பேச்சு எனக்குச் சொன்னதா, அவளுக்குச் சொன்னதா? இன்றுவரை நான் உம்மாவிடம் கேட்கவில்லை. எப்படியோ, இரண்டு கிழமையாக நான் தூக்கிப் பிடித்திருந்த ஒரே காரணம் அந்த அடுப்படியில் போய்விட்டது. ஏழு வருசமும் பாடுதான் பட்டார் என்பது நான் எழுதியது, அவர் சொன்னதல்ல. அதற்காக, அவர் இல்லாமல் நான் வளர்ந்த ஏழு வருசம் இல்லையென்று ஆகிவிடுமா என்றும் அன்றிரவு முழுக்க யோசித்தேன். இரண்டும் ஒன்றையொன்று அடிக்கவில்லை, பக்கம் பக்கமாகவே கிடந்தன.

கேக்கின் ஒரு பக்கம் கருகியிருந்தது. மூடியின் கைபிடிக்கு அருகே சூடு போதாமல் கொஞ்சம் பச்சை மாவு. நடுவில் மட்டும் சரியாக வந்திருந்தது. வெட்டவே முடியாது, அகப்பையால் அள்ளிப் பீங்கானில் போட்டோம். பத்து நிமிடம் ஆறவிட்டால் குழம்பு இறுகும் என்று உம்மா சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. கொக்கோவின் கசப்பும் கச்சானின் உப்புக் கலந்த கொழுப்பும் சேர்ந்து ஒரு ருசி, அதற்கு முன்னர் நான் சாப்பிட்டதேயில்லை. பேக்கரிப் பட்டர் கேக்கில் வளர்ந்த நாக்கு முதல் வாயில் கொஞ்சம் திகைத்தது. சீனி வருத்தக்காரரான உம்மா இரண்டு கரண்டி சாப்பிட்டார். மூன்றாவதற்கும் கையை நீட்டினார், நான் தடுக்கவில்லை.

“அங்கத்தையப் போல இல்ல” என்றார். “கரி மணக்கிது.”

மகள் அந்த வருடம் ஜூன் மாதம் தோஹாவுக்குப் போனாள். நான் விமான நிலையத்துக்குப் போகவில்லை, உம்மா போனார். எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேனில் இருந்து போய், கண்ணாடிக் கதவுவரை நின்றுவிட்டு வந்தார்.

போன நோன்பில் மகளிடமிருந்து வட்சப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. கூட இருக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கேக்கைப் போட்டாளாம். கச்சான் பட்டர் அங்கே ஒவ்வொரு கடையிலும் போத்தல் போத்தலாக இருக்கிறதாம். ஓவனும் நல்ல ஓவன், கரண்டும் போகாது. ஆனால் தண்ணீர் ஊற்றியதும் கூட இருந்த பிள்ளை ஒருத்தி பாய்ந்து கிளறிவிட்டாளாம். “கஞ்சி மாதிரி வந்திச்சி உம்மம்மா, இப்தாருக்கு ரெண்டு கஞ்சி” என்று சொல்லிச் சிரிக்கிறாள். பின்னால் வேறு பிள்ளைகளும் சிரிக்கிறார்கள்.

உம்மாவுக்குப் போனைக் கையாளத் தெரியாது. “திரும்பப் போடு மகள்” என்றார். போட்டேன். நோன்பு திறக்க இன்னும் நேரமிருந்தது. இன்னொரு தரம் போடச் சொன்னார்.