அம்மா கேட்ட கத்திரிப்பூ நிறம்

அப்பா இருந்தவரை எங்கள் வீட்டு வெளிச்சுவருக்கு என்ன நிறம் என்ற கேள்வியே எழுந்ததில்லை. பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பு வாங்கி ஊறவைப்பார். வச்சிரப் பசை கொஞ்சம், துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம் கலப்பார். அவ்வளவுதான், வீடு வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். 2011 டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் கடலூரைப் புரட்டிப் போட்ட பிறகு சுவரைப் புதிதாகப் பூசி எடுத்தார்கள். அப்போது மட்டும் சந்தன நிறத்தில் சிமென்ட் பெயின்ட். அதையும் அவர் அம்மாவிடம் கேட்டு அடிக்கவில்லை.

அப்பா காலமாகி ஒன்றரை வருடம் கழித்து மறுபடியும் பெயின்ட் அடிக்கும் பேச்சு வந்தது. அம்மா ரொம்பத் தயங்கி, “கத்திரிப்பூ கலர் அடிக்கலாமாடி?” என்று கேட்டார். இளம் கத்திரிப்பூ. சின்ன வயதில் அவருக்கு அந்த நிறத்தில் ஒரு பாவாடை இருந்ததாம். அடித்தோம். வீடு பார்க்கவே புதுசாக இருந்தது. “அவர் போய் ரெண்டு வருஷம்கூட ஆகல, வீட்டுக்கு அடிச்சிருக்கிற கலரைப் பாரு” என்று உறவில் ஒருவர் வாசலிலேயே சொன்னார். அம்மா கேட்டும் கேளாததுபோல் காபி கலக்கப் போய்விட்டார்.

இரண்டே கோடை. மேற்குச் சுவர் அலசி அலசிப் போட்ட பழைய ரவிக்கை மாதிரி ஆகிவிட்டது. தெற்குச் சுவரில் திட்டுத் திட்டாக வெள்ளை. வடக்கே தெருவைப் பார்த்த முகப்பு மட்டும், திண்ணைக் கூரையின் நிழலில், அடித்த அன்று இருந்ததுபோலவே இருந்தது. அதே உறவினர் அடுத்த முறை வந்தபோது சொன்னார்: “பரவாயில்ல, இப்பதான் பார்க்க அடக்கமா இருக்கு.”

அன்று ராத்திரி அம்மா என்னிடம், “மறுபடி அடிக்கணும். அதே கலர். என் பென்ஷன்ல சேத்து வெச்சிருக்கேன்” என்றார். சாரம் கட்டி, கூலி கொடுத்து, பெயின்ட் வாங்கினால் 60,000 ரூபாயைத் தாண்டும். குடும்ப பென்ஷனில் வாழ்கிறவருக்கு அது எத்தனை மாதத்துச் சேமிப்பு என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவரால் இப்படிச் செலவழிக்க முடியாது. இந்தத் தடவை நிற்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பெயின்டர் அண்ணன் வந்தார். சுண்ணாம்புக் காலத்திலேயே தொழிலுக்கு வந்தவர். ஷேடு கார்டை நீட்டினேன், வாங்கவே இல்லை. நேராக மேற்குச் சுவருக்குப் போய் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தார். கை முழுக்க வெளுத்த ஊதா மாவு. “பெயின்ட்டு செத்துப்போச்சும்மா. இதும்மேல எதை அடிச்சாலும் இந்த மாவோடதான் உதிரும்” என்றார்.

அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். பெயின்டில் நிறம் தருவது நிறமித் தூள். அதைச் சுவரோடு பிடித்துவைப்பது ஒரு பிசின். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இரண்டையும் தாக்குகிறது. பிசின் சிதைந்தால் தூள் பிடிப்பு விட்டு மாவாக வரும். நிறமி சிதைந்தால் நிறமே போய்விடும். எல்லா நிறமியும் ஒரே மாதிரி சிதைவதில்லை. காவி, செங்கல் சிவப்பு, மண் மஞ்சள் ஆகியவற்றுக்கு நிறம் கொடுப்பது இரும்பு ஆக்சைடு, கிட்டத்தட்ட துருவின் உறவுக்காரன். வெயில் அதை அவ்வளவு சுலபத்தில் அசைக்க முடியாது. கோயில் மதிலில் காவிப்பட்டை அத்தனை வெயிலையும் தாங்கி நிற்பது அதனால்தான். பளிச்சென்ற ஊதா, ரோஸ், எலுமிச்சை மஞ்சள் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் கரிம நிறமிகளைத்தான் போடுகிறார்கள். அவற்றில் பல வெயிலுக்கு வீக். அதிலும் இளநிறம் என்றால், ஒரு வாளி வெள்ளையில் சில சொட்டுக் கலர்தானே? அந்தக் கொஞ்சமும் போய்விட்டால் மிஞ்சுவது வெள்ளை.

அம்மாவுக்கு இதை விளக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. கலர் புடவையை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி, நிழலில் காயப்போடும் கை அவருடையது. “அப்போ வீட்டைத் திருப்பிப் போட முடியாதுங்கிற” என்றார்.

பெயின்டர் அண்ணன் சுரண்டிப் பார்த்ததில், போன முறை பிரைமரே அடிக்காமல், பழைய சிமென்ட் பெயின்ட் மேலேயே நேரடியாக அடித்திருந்தது தெரிந்தது. அடித்தவர் யார் என்ற பேச்சு இங்கே வேண்டாம். தெற்குச் சுவரின் வெள்ளைத் திட்டு வேறு கதை. உள்ளே குளியலறைக் குழாய் கசிந்து, ஈரம் சுவர் வழியாக வெளியே வரும்போது உப்பையும் கொண்டுவந்து பூக்கவைத்திருக்கிறது. அதற்கு வேண்டியது பெயின்டர் அல்ல, பிளம்பர். நிறம் மங்கியது என்று நாம் திட்டுவதில் பாதி இப்படிக் கசிவும் ஓதமும் செய்கிற வேலை என்று தோன்றுகிறது. எங்கள் வீடு இருக்கும் முதுநகரில் கடல்காற்றின் உப்பும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

ஆனாலும் அம்மா நிறத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அப்போதுதான் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். அது ஏப்ரல் மாதம். மேற்குச் சுவரில் ஓரிடத்தில் மாவு போகச் சுரண்டி, பிரைமர் அடித்து, இரண்டடிக்கு இரண்டடி மூன்று கட்டம் போட்டார். ஒன்றில் அம்மாவின் இளம் கத்திரிப்பூ, ஒன்றில் அதையே அழுத்தமாக, மூன்றாவதில் செங்கல் நிறம். ஒவ்வொரு கட்டத்திலும் பாதியை பிஸ்கட் டின் தகரத்தால் மூடி ஆணி அடித்தார். “புரட்டாசியில எடுத்துப் பாருங்க. நான் சொல்றதை நம்ப வேணாம், சுவரே சொல்லும்.”

ஐந்து மாதம் அம்மா தினமும் அந்தத் தகரத்தைப் பார்த்துவிட்டு வருவார். திறக்க மாட்டார். பரீட்சை ரிசல்ட் மாதிரி காத்திருந்தார். நானும் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆணியைப் பிடுங்கினோம். இளம் கத்திரிப்பூவில் தகரம் இருந்த இடமும் இல்லாத இடமும் இரண்டு வேறு நிறங்கள். அழுத்தமானதில் வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனால் தெரிந்தது. செங்கல் நிறத்தில் கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

“அப்போ செங்கலா? வீடு என்ன மடமா?” என்றார் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவரே முடிவெடுத்தார். வெயில் அதிகம் படாத வடக்கு முகப்புக்குக் கத்திரிப்பூ, இந்த முறை அழுத்தமாகவே. கிழக்குக்கும் தெற்குக்கும் வெள்ளையோடு ஒட்டிய நிறம், அதில் வெளுப்பதற்கு ஒன்றுமில்லை. மேற்குக்குச் செங்கல். “தெருவுல போறவங்களுக்குத் தெரியப்போறது முகப்புதானே?” என்றார். யாரை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, சுவர் நன்றாகக் காயட்டும் என்று பிப்ரவரி வரை காத்திருந்தோம். உடனே அடித்துவிடலாம் என்று யாராவது அவசரப்படுத்தினால் கேட்காதீர்கள். குளியலறை ஓரம் புதிதாகப் பூசிய இடத்துக்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பச்சைச் சிமென்ட்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும். தகர பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவி, காயவைத்து, வெளிச்சுவருக்கான பிரைமர், அதன்மேல் வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட். உள்ளறைக்கு வாங்கி மிஞ்சியதை வெளியே அடிப்பது வீண். டின்னில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைக் கண்காணித்தார். வெயிலில் அடித்தால் பெயின்ட் சரியாகப் படியும் முன்பே காய்ந்துவிடும். அதனால் மேற்குச் சுவருக்குக் காலையிலும் கிழக்குச் சுவருக்குச் சாயங்காலமும் வேலை நடந்தது.

உத்தரவாத அட்டை வைத்திருப்பவர்கள் அதை ஒருமுறை படித்துவிடுங்கள். உரிதலும் பாசியும் எழுதியிருக்கும் இடத்தில் நிறம் மங்குவதும் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை வருடம் என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்குகிறோம்.

அதன்பிறகு பெரிய செலவு இல்லை. மழைக்காலம் போனதும் ஹோஸ் பைப்பால் சுவரைக் கழுவி, மெத்தென்ற பிரஷ்ஷால் உப்பையும் தூசியையும் எடுத்துவிடுகிறோம். நிழல்பக்கம் வெளுக்காது, ஆனால் பாசி பிடிக்கும். அதற்கு பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்த தண்ணீரை முதலில் ஒரு மூலையில் தடவிப் பார்க்க வேண்டும். நிறம் மாறவில்லை என்றால் மற்ற இடத்திலும் தடவி, சில நிமிடத்தில் நன்றாக அலசிவிடலாம். ஆசிட் பக்கம் போகவே கூடாது. சன்ஷேடு விளிம்பில் மழைநீர் சுவரில் வழியாமல் சொட்டும்படி அண்ணன் அடியில் ஒரு காடி எடுத்துக்கொடுத்தார். முகப்பில் கறுப்புக் கோடு இறங்குவது அதோடு நின்றது.

மிச்சமிருந்த அரை லிட்டர் கத்திரிப்பூவை அம்மா இறுக மூடி, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். ஷேடு நம்பரை பால் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறார். மூன்று வருடம் ஆகிறது, அந்த டின்னைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. போன வாரம் போனில், காம்பவுண்டுச் சுவருக்கு மயில்நீலம் வெயில் தாங்குமா என்று அண்ணனிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். ஏப்ரலில் தகரம் அடிக்க வருகிறேன் என்றிருக்கிறார் அவர்.