நாம் வரும் நேரமும் பிறர் பார்க்கும் நேரமும்



திருமுல்லைவாயிலில் குடியிருந்துகொண்டு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்போருக்குப் பயணம் ஒரு பொருட்டன்று. மின்சார இரயிலில் அம்பத்தூருக்கு அடுத்த நிலையம் பட்டரைவாக்கம். இறங்கி நடந்தால் அலுவலகம். எங்கள் வீட்டில் கணவன், மனைவி இருவருமே வேலைக்குச் செல்கிறோம். நிறுவனங்கள் வேறு வேறு, விதி ஒன்றே. காலை 7.30க்கும் 10.30க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம், உணவு இடைவேளை உட்பட ஒன்பது மணி நேரம் இருந்தால் போதும். ‘நெகிழ்வு நேரம்’ என்று இதற்குப் பெயர். ஆனால் விதியை எழுதியவர் ஒருவர், நம்மைக் கண்காணிப்பவர் வேறொருவர்.

2025ஆம் ஆண்டு ரமலானில் எங்களில் ஒருவர் காலை 7.30 மணிக்கே வந்து, மாலை 4.30க்குப் புறப்பட்டு வந்தார். சென்னையில் அப்போது 6.20 மணியளவில் நோன்பு திறக்கும் நேரம். பிள்ளைகளோடு அமர்ந்து நோன்பு திறக்கலாம். “என்ன பாய், தினமும் அரைநாள் லீவா?” என்று ஒரு சகோதரர் சிரித்தபடி கேட்டார். அவர் பத்தரைக்கு வருபவர், இரவு ஏழரைக்குச் செல்பவர். இருவர் கணக்கும் ஒன்பது மணி நேரந்தான். ஆயினும் அவருடைய கடைசி மணி நேரத்துக்கு மேலாளர் சாட்சி. எங்களுடைய முதல் மணி நேரத்துக்கு வாயிற்காவலர் மட்டுமே சாட்சி.

அப்படியானால் தாமதமாக வந்து தாமதமாகச் செல்வதுதான் நல்லதோ என்றால், அதுவுமில்லை. மற்றவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்துவிட்டுப் பத்தரைக்கு அலுவலகம் சேர்பவர். அங்கே மேலாளர் எட்டு மணிக்கே வந்துவிடும் பழக்கமுடையவர். “இப்போதுதான் விடிந்ததா?” என்ற கேள்வி அவருக்கு. நம் நேரம் மேலாளரின் நேரத்தோடு பொருந்துகிறதா என்பதுதான் அளவுகோலே தவிர, உழைத்த மணி நேரம் அன்று.

அந்த ரமலானில் தெலங்கானா அரசு, தன் முஸ்லிம் ஊழியர்கள் மார்ச் 2 முதல் 31 வரை மாலை 4 மணிக்கே, அதாவது ஒரு மணி நேரம் முன்னதாகவே, செல்லலாம் என ஆணை பிறப்பித்தது. இது ஒரு சமூகத்தைத் திருப்திப்படுத்தும் செயல் என்று பா.ஜ.க.வினர் கண்டித்தனர். அந்தச் சர்ச்சை எங்கள் உணவு மேசைக்கும் வந்தது. எங்கள் நிலைப்பாட்டை அங்கேயே சொன்னோம். அந்த அரசின் நன்னோக்கத்தை மதிக்கிறோம். ஆனால் நாங்கள் கேட்பது மணி நேரத்தைக் குறைப்பதையன்று, நகர்த்துவதை. அளவில் குறைப்போரை எச்சரிக்கும் ‘முதஃப்பிஃபீன்’ அத்தியாயம் தராசுக்காரருக்கு மட்டும் இறங்கியதன்று. மாதச் சம்பளம் வாங்குவோருக்கும் அதில் பாடம் உண்டு என்றே ஆலிம்கள் பயான் செய்யக் கேட்டு வளர்ந்தோம்.

நெகிழ்வு என்ற சொல்லே யார் வாயில் வருகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். 2023 ஏப்ரல் 21 அன்று, வெள்ளிக்கிழமை, மறுநாள் நோன்புப் பெருநாள், தமிழகச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத்திருத்தம் நிறைவேறியது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க அது வழி திறந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்று விளக்கம் தரப்பட்டது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. 24ஆம் தேதி நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். தொழிற்பேட்டைக்கு அருகில் வாழும் எங்களுக்கு அது வெறும் செய்தியன்று. பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நிற்கவேண்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அந்த நெகிழ்வு முதலாளியின் கையில் இருந்தது. தொழிலாளியின் கையில் இருக்கும் நெகிழ்வைத்தான் அலுவலகங்கள் ஐயத்தோடு பார்க்கின்றன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ இன்னொரு செய்தி. அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொல்லும் இறைவசனத்துக்கு அடுத்த வசனமே, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அவனது அருளைத் தேடச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். இளம் சகோதரர்கள் சிலர், “வங்கிக்குப் போய்விட்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போகிறார்கள். அவர்களுடைய அச்சம் புரிகிறது. ஆயினும் அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பள்ளிவாசலுக்குப் போவதை மறைத்தால், பிறகு வங்கிக்குப் போனாலும் நம்பமாட்டார்கள்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் இருவருமே மேலாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். வரும் நேரம், செல்லும் நேரம், வெள்ளிக்கிழமை 12.45 முதல் 2 மணி வரை ஜும்ஆ, அதை ஈடுசெய்யும் நேரம் அனைத்தையும் எழுதினோம். ஓரிடத்தில் ‘சரி’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. மற்றோர் இடத்தில் குழு முழுவதற்கும் காலை 11 முதல் மாலை 4 வரை எல்லோரும் இருக்கவேண்டிய பொது நேரம் என்றும், வெள்ளிக்கிழமை மட்டும் கூட்டங்கள் 2 மணிக்குப் பிறகே என்றும் முடிவாயிற்று. அதை முதலில் பயன்படுத்திக்கொண்டவர், பள்ளி விடும் நேரத்தில் மகளை அழைத்துவர நாலரைக்குக் கிளம்பவேண்டிய ஒரு சகோதரி. நம் சமூகத்தவர் அல்லர்.

“அரைநாள் லீவா?” என்று கேட்ட சகோதரர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். சென்ற வாரம் அவரைக் காலை 7.30 மணித் தேநீருக்கு அழைத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ்.