கொல்லிமலையில் செடி தேடி – 3: சைவ ஆட்டுக்கால்

காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் போன இதழிலேயே புலம்பித் தீர்த்தாயிற்று. செம்மேட்டு லாட்ஜுக்கு ஒரு வரி போதும்: வரவேற்பறைச் சுவரில் அகத்தியர், குளியலறையில் பாசி. நேரே சோளக்காட்டுச் சந்தைக்குப் போய்விடலாம்.

அன்னாசி, பலா, மிளகு மூட்டைகளைத் தாண்டியதும் சாக்கின் மேல் ஒரு குவியலைப் பார்த்துத் திடுக்கிட்டேன். பழுப்பு மயிர் அடர்ந்த ஆட்டுக்கால்கள்! பக்கத்தில் அடுப்பு, அதன்மேல் பெரிய குண்டான். "வாங்க சார், சூப்பு குடிங்க. சைவந்தான், பயப்படாதீங்க" என்றார் கடைக்கார அக்கா.

முடவாட்டுக்கால் கிழங்கு. கிழங்கு என்று பெயரே தவிர, மண்ணைத் தோண்டி எடுப்பதில்லை. பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படரும் பெரணியின் தண்டு அது. மயிர்த் தோலைச் சீவி, வில்லையாக நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டுக் கொதிக்க விடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் அசைவமேதான். மூட்டுவலி போய்விடும் என்று சத்தியம் செய்கிறார்கள். எனக்கு மூக்கடைப்பு போனது, அந்தப் புகழ் மிளகைச் சேரும். கிளாஸ் கழுவிய வாளித் தண்ணீரின் நிறமும் சூப்பின் நிறமும் ஒன்றாக இருந்ததைக் குடித்து முடித்தபிறகே பார்த்தேன்.

செடி சேகரிக்க வந்த எங்கள் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர், சூப்பைத் தொடவில்லை. "இலையோட கிடைக்குமாம்மா?" என்றார்.

"இலைய வச்சு என்னங்க பண்ணுவீங்க? சூப்புக்கு ஆகாதுங்களே."

"ஒட்டி வைக்கத்தான்."

இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல அக்கா என்னைப் பார்த்தார். அப்புறம் கிலோவுக்கு ஒரு விலை சொன்னார். அடுத்த கடையில் அதில் பாதிதான். நான் திரும்பி வந்து நியாயம் கேட்க, "அது நேத்துச் சரக்கு, இது இன்னிக்குச் சரக்கு" என்று அவர் அடிக்க, இரண்டு கடைக்கும் சண்டை மூண்டது. நடுவில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், "இலைதான வேணும்? எங்கூட வாங்க. என் பட்டா நிலத்துலயே கிடக்கு" என்று முன்னால் நடந்தார். காசு பேச்சே எடுக்கவில்லை. சந்தையில் இழந்த மரியாதை முழுதும் மனிதகுலத்துக்குத் திரும்பக் கிடைத்தது.

சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய தோட்டம். அதன் ஓரத்தில் யானை உயரப் பாறை. பாறையோடு அப்பளமாக ஒட்டியிருந்த பழுப்பு இலைகளைக் காய்ந்த சருகு என்றே நினைத்தேன். பெரியவர் ஒன்றை நெம்பிக் காட்டினார். உள்ளே உதிர்ந்த இலை மக்கி நல்ல கறுப்பு மண். அதிலிருந்து ஒரு பூரான் கோபமாக வெளியே வந்தது. இந்தப் பெரணிக்கு இரண்டு வகை இலை. பழுப்பு இலை குப்பையைப் பிடித்து உரமாக்கித் தரும். அதற்கு மேலே ஆழமாக வெட்டுப்பட்டு நிற்கும் பச்சை இலைதான் சமையலையும் பிள்ளைப்பேற்றையும் கவனிக்கும்.

பேராசிரியர் பச்சை இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இது ஆகாது. இதுவும் ஆகாது." அடியில் நரம்புகளுக்கு இடையே பழுப்புப் புள்ளிகள் வரிசைகட்டிய இலை ஒன்று கிடைத்ததும்தான் கத்தி வெளியே வந்தது. அந்தப் புள்ளிகளில்தான் வித்துத்தூள். பூக்கிற செடிக்குப் பூவைப்போல, பெரணிக்கு இதுதான் அடையாளம். இலையும் சாண் நீளத் தண்டும் மட்டும் எடுத்தார். பாறையா மரமா, நிழலா வெயிலா, என்ன நிறம், ஊர்க்காரர் சொல்லும் பெயர் என்ன என்று அங்கேயே நின்று குறிப்பேட்டில் எழுதினார். காய்ந்தபின் நிறம் போய்விடும், இடம் மறந்துவிடும். அறைக்குப் போய் எழுதுகிறேன் என்ற மாணவனுக்குச் செம திட்டு.

"முன்னெல்லாம் பாறையே தெரியாதுங்க" என்றார் பெரியவர். இப்போது முக்கால்வாசி மொட்டை. சூப்புக்காரர்கள் தண்டை அடியோடு உரித்துக்கொண்டு போகிறார்களாம். தண்டு போனால் செடியே போயிற்று. சுற்றுலா வந்து மூட்டுவலியை இறக்கி வைக்கும் நம்மவர்களும் இதற்குக் கூட்டுக் களவாணிகள்தான், என்னையும் சேர்த்து.

திரும்பும் வழியில் பேராசிரியர் சரித்திரம் சொன்னார். தென்னிந்தியப் பெரணிகளுக்கு 1860-களிலேயே படங்களோடு புத்தகம் போட்டவர் பெடோம். பட்டாளத்தில் இருந்து மதராஸ் வனத்துறைக்கு வந்த வெள்ளைக்காரர். பூக்கும் தாவரங்களுக்கு நம் காலத்தில் உழைத்தவர் சேசு சபைத் துறவி கே.எம். மேத்யூ. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-இல் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தைத் தொடங்கியவர். இன்னும் நிறையச் சொன்னார். எனக்குப் பசி.

இரவு லாட்ஜில் வேலை. முழ நீள இலையை, காயவைத்து ஒட்டப்போகும் 42 சென்டிமீட்டர் தாளுக்குள் அடக்க 'N' எழுத்துப்போல மடிக்க வேண்டும். ஒரு மடிப்பில் அடிப்பக்கம் மேலே தெரிய வேண்டும். தண்டை நெடுக்காகப் பிளக்காவிட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து, பலகைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, தினமும் ஈரத்தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மலைச்சாரலில் தாளே காயமாட்டேன் என்கிறது. கட்டில், நாற்காலி, கொடி எங்கும் நனைந்த சினிமாச் செய்திகள், நாங்கள் தரையில்.

காலையில் லாட்ஜ்காரர் விடியவிடிய ஃபேன் ஓடியதற்கு இருநூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டார். பேராசிரியர் ரசீது கேட்டார். நூறாகக் குறைந்தது.

அடுத்த இதழில் ஆகாய கங்கை அருவி. இறங்க ஆயிரத்துக்கும் மேல் படிகளாம். மாணவர்கள் இறங்கட்டும், நான் மேலே டீக்கடையில் உட்கார்ந்து எழுதுவதாக உத்தேசம்.