வானில் ஒரு மணி, மலையில் ஒரு பகல்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் தூரம் ஏறக்குறைய 420 கிலோமீட்டர். ஆகாய விமானம் அதனைச் சுமார் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. கட்டுநாயக்கவிலிருந்து பதுளையோ நேர்கோட்டில் 130 கிலோமீட்டரளவே. ஆயினும் அச்சிறு தூரத்துக்கு ஒரு பகற்பொழுது வேண்டும். நடுவே மலை நிற்கிறது.

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரை இருப்புப்பாதையின் நீளம் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய இப்பாதை, பட்டிப்பொலை அருகே கடல் மட்டத்துக்கு மேல் 1,890 மீட்டர் உயரத்தைத் தாண்டி, பின்னர் அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல வழியாக இறங்குகிறது. தெமோதரையில் ஒரு விந்தை உண்டு. சரிவு கடுமையாகிவிடாதபடி, பாதை ஒரு குன்றை வட்டமிட்டுத் திரும்பி, அந்நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தினுள் நுழைகிறது. இவ்வாறு வளைந்து செல்லவேண்டியிருப்பதால், பாதை சீராக இருந்த நாட்களிலும் புகையிரதத்துக்கு ஒன்பது, பத்து மணி நேரம் பிடித்தது. 2025 நவம்பரில் ‘டித்வா’ புயல் கொணர்ந்த பெருமழையில் மலைநாட்டு இருப்புப்பாதை பல இடங்களில் சிதைந்தபோது, அவ்வழியும் அடைபட்டது. பஸ்ஸில் செல்வோர்க்கு ஆறேழு மணி நேரமேனும் ஆகும்.

பசறை, நமுனுகுலை, மடூல்சீமை ஆகிய ஊவாத் தோட்டங்களில் வாழ்வோரின் முன்னோர்க்கு இவ்வசதிகளும் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டு வழியே மாத்தளைப் பக்கம் நடந்தே மலைநாட்டை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பல் சேவை தொடங்கிய பின்னரே, புகையிரதமும் கப்பலும் இணைந்த நேர்வழி கிட்டிற்று.

அதே வழிதான் பின்னர் மக்களைத் திருப்பியும் அனுப்பியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் நீலகிரிக்குச் செல்ல, தங்கை பதுளையில் தங்கினாள். 1980களில் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது. அதன்பின் உறவு காண விரும்பியோர்க்கு நெடுங்காலம் விமானமே வழியாயிற்று. கூலிப் பணத்தில் வாழும் குடும்பத்துக்கு அச்சீட்டின் விலை கடலினும் அகலமானது.

இன்று தொலைபேசி மரணச் செய்தியை நொடியில் கொண்டு சேர்க்கிறது. கடவுச்சீட்டும் பணமும் ஆயத்தமாக உள்ள அண்ணன்கூட, நீலகிரி மலையிறங்கி, வான் கடந்து, ஊவா மலையேறித் தோட்டத்து வாசலை மிதிப்பதற்குள் மறுநாளாகிவிடும். ஆதலால் பயணத்துக்கு நாட்குறிப்போர் விமானத்தின் ஒரு மணி நேரத்தை மட்டும் எண்ணலாகாது. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எண்ணவேண்டும். அடக்கத்தை ஒரு நாள் தள்ளிவைப்பதா என்று பதுளையில் உள்ளோர் முடிவு செய்வதும் அந்தக் கணக்கைக் கொண்டுதான்.