தொட்டியில் வாடிய லில்லி

கொடைக்கானலில் குடியிருப்பவர்கள் பூச்செடி வளர்ப்பதற்குச் சிரமப்படவே வேண்டாம் என்பது சமவெளியில் உள்ள நமது உறவினர்களின் திடமான அபிப்பிராயம். "விதையை வீசினால் போதும், மற்றதை மலை பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். 7,000 அடி உயரத்தில் 15 வருஷமாகப் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்துவரும் நாமும் அதை ஏறக்குறைய நம்பியே இருந்தோம். அந்த நம்பிக்கையைக் குலைப்பதற்கு ஆறு லில்லிக் கிழங்குகள் போதுமாயிருந்தன.

1908-ம் வருஷத்தில் வன அதிகாரி பிரையண்ட் அமைத்த பூங்காவில் மே மாதந்தோறும் மலர்க் கண்காட்சி நடக்கிறதல்லவா? அதைப் பார்த்து வந்த நாள் முதல் நமது வீட்டு அம்மாளுக்கு வெள்ளை லில்லியின்மேல் தீராத மோகம். சென்ற வருஷம் பிப்ரவரியில் ஆறு கிழங்குகளை வாங்கி ஆறு தொட்டிகளில் வைத்தோம். மலைப் பூண்டு ஊன்றுவதைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. ஆகவே, முனை வெளியே தெரியும்படி மேலாகவே ஊன்றினோம். தாகத்தால் தவிக்கக் கூடாதே என்று காலையிலும் மாலையிலும் ஜலம் விட்டோம். தொட்டிகளின் கீழே தட்டுகளை வைத்து, அவற்றிலும் ஜலம் தளும்பும்படி பார்த்துக்கொண்டோம்.

செடிகள் ஒரு சாண் உயரம் வந்தன, பிறகு நின்றுவிட்டன. அடி இலைகள் மஞ்சளாயின. பக்கத்து வீட்டார் சாணியுரம் போதாது என்றார்கள், போட்டோம். எதிர் வீட்டார் வெயில் போதாது என்றார்கள். சிமெண்டுத் திண்ணைக்கு மாற்றினோம். மஞ்சள் நிறம் மேல் இலைகளுக்கும் ஏறியது. ஜூலையில் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், கிழங்கின் அடி குழைந்து நாற்றமெடுத்திருந்தது. இப்படியே ஐந்தும் போயின. நமது துக்கத்தை வகுப்பறையிலும் கொட்டித் தீர்த்தோம். தாவர சாஸ்திரப் பாடத்திற்கு அது ஓர் உதாரணமும் ஆயிற்று என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

ஆகஸ்டுக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. மலைக் கிராமத்திலிருந்து வரும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஈரச் சாக்குத் துணியில் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். பிரித்தோம். நீண்ட தண்டு, அதன் நுனியில் ஒரு சாண் நீளத்திற்கு ஊதுகுழல் போன்ற வெண்மலர், அடியில் மண்ணோடு கிழங்கு. அறை முழுவதும் மணம் கமழ்ந்தது.

"உங்க செடியெல்லாம் செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே, ஸார். எங்க ஊருக்கு மேல இது ஒண்ணுதான் இருந்துச்சு. உங்களுக்காகத் தோண்டிட்டு வந்தேன்" என்றான்.

அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது நமக்கு நா எழவில்லை. அது நீலகிரி லில்லி. லில்லி இனத்தார் அனைவருமே பூமத்திய ரேகைக்கு வடக்கே பிறந்தவர்கள். அவர்களுள் எல்லோரையும்விடத் தெற்கே வந்து, நமது நீலகிரியிலும் பழனி மலையிலும் குடியேறிய பூ இது. 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளிவந்த தமது பெரிய சித்திர நூலில் இதற்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் ராபர்ட் வைட். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். அந்தக் காலத்தில் பழனி மலையின் மேற்பகுதியில் சோலைகளுக்கு இடையே புல்வெளிகள் பரந்து கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில் சீகை, பைன், யூகலிப்டஸ் மரங்களை நட்டு அவற்றில் பெரும்பகுதியை மூடிவிட்டார்கள். மிஞ்சியிருக்கும் பாறைச் சரிவுகளில்தான் இந்தப் பூ ஒண்டிக்கொண்டிருக்கிறது. 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்திற்குள் ஒரு செடியைப் பிடுங்குவது குற்றம். சரணாலயத்திற்கு வெளியே என்றாலும், ஒன்றே ஒன்று இருந்த இடத்தில் அந்த ஒன்றையும் எடுத்தால் என்ன மிஞ்சும்?

பையனைக் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் குற்றம் யாருடையது? செடியின் பாகங்களை வரிசையாக ஒப்புவிக்கக் கற்றுக்கொடுத்த நாம், அது எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லையே!

"நீயும் நாமுமாகப் போய் இதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவோம், வா" என்றோம். அவன் முகம் சற்று வாடியது, ஆனாலும் வந்தான்.

அவன் தோண்டிய குழியின் அருகே குனிந்தபோது நமக்குப் புத்தி வந்தது. குழி ஒரு சாணுக்குமேல் ஆழம். மண் முழுவதும் சரளையும் இலைமக்குமாக இருந்தது. பெய்த மழை சரிவிலே ஓடிவிட, ஈரம் மட்டும் தங்கியிருந்தது. சுற்றிலும் அடர்ந்த புல் செடியின் காலுக்கு நிழல் கொடுத்தது. தலை மட்டும் வெளிச்சத்தில் நின்றது. கிழங்கின் அடியில் மட்டுமல்ல, அதற்கு மேலே மண்ணுக்குள் இருந்த தண்டிலும் வேர்கள் இருந்தன! மேலாக ஊன்றிய நமது செடிகளுக்கு அந்த இரண்டாவது வேர் ஓடுவதற்கு மண் ஏது?

இந்த வருஷம் கடையிலிருந்து நான்கு கிழங்குகளை வாங்கினோம். வெங்காயத்தைப்போல் மேல்தோல் இல்லாததால் லில்லிக் கிழங்கு சீக்கிரம் உலர்ந்துவிடும். ஆகவே வாங்கிய அன்றே நட்டோம். தொட்டி ஓர் அடிக்குமேல் ஆழம். அடித் துளையின்மேல் ஓட்டாஞ்சில்லு. தோட்ட மண், இலைமக்கு, ஆற்று மணல் மூன்றும் கலந்த கலவை. கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழம். தட்டுகளை எடுத்துவிட்டோம். ஒரு விரற்கணு ஆழத்திற்கு மண் உலர்ந்த பிறகே ஜலம். பச்சைச் சாணியைக் கிட்டே சேர்க்கவில்லை. தொட்டிக்கு முன்னால் சிறு செடிகளை வைத்து வெயிலை மறைத்தோம்.

ஜூன் மாதத்தில் மூன்று செடிகள் பூத்தன. நான்காவது முழம் உயரத்தோடு நின்றுவிட்டது, அதையும் எறியவில்லை. பூ உதிர்ந்ததும் தண்டை வெட்டிவிட வீட்டு அம்மாள் கத்தரிக்கோலை எடுத்தார்கள், தடுத்தோம். இலைகள் தாமாகப் பழுக்கும்வரை சேர்க்கும் உணவுதான் அடுத்த வருஷத்துப் பூ.

பூத்த தொட்டியைப் பார்க்கப் பையனும் வந்தான். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இது கடையில வாங்கினதுதானே, ஸார்?" என்று கேட்டான். ஆமாம் என்றதும் நிம்மதியாகச் சிரித்தான்.

ஆகஸ்டில் இருவருமாக அந்தச் சரிவுக்குப் போய்ப் பார்த்தோம். புல்லுக்கு நடுவே ஒரு தண்டு எழுந்திருந்தது. பூ இல்லை, இலைகள் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தன. பையன் சுற்றியிருந்த புல்லைக் களையாமல் விலக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் அதன் காலடியில் படியவிட்டான். அந்த வருஷத்துப் பாடத்தில் அவனுக்கு நாம் போட்ட மதிப்பெண்ணை உயர்த்தியிருக்கலாம் என்று அப்போது நமக்குத் தோன்றியது.