காப்பிக் கடைக்கு ஓர் ஆற்றுப்படை

நாங்கள் பணிபுரியும் கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயின்று, திருமணத்திற்குப் பின் இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் குடியேறிய மாணவி ஒருத்தி, சென்ற மார்கழியில் எங்கள் அபிராமபுரத்து வீட்டிற்கு வந்திருந்தபோது ஒரு சிறு நூலைத் தந்துவிட்டுப் போனாள். அந்நாட்டுக் கிராமப்புறங்களில் ஒரு மதுவிடுதியை இலக்காக வைத்து நடப்பதற்கான வழிகாட்டி அது. ஒவ்வொரு நடைக்கும் இரண்டே பக்கங்கள். தேவாலய வாசலில் தொடங்கு, வலப்புறம் ஓடையைக் கடந்து போ, இங்கே வேலியேற்றப் படிகள் மூன்று உண்டு, மழைக்குப் பின் இந்த வயலில் சேறு மிகும் என்று சொல்லிக்கொண்டே வந்து, இறுதியில் கணப்பு எரியும் ஓர் அறையில் நம்மை உட்கார வைத்துவிடுகிறது.

அந்நாட்டில் தனியார் வயல்களின் நடுவேயும் பொதுமக்கள் நடந்துசெல்ல உரிமையுள்ள பாதைகள் இருக்கின்றன. 1949ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை வரைபடத்தில் பதிவுசெய்யும் பொறுப்பை வட்டார ஆட்சி மன்றங்களுக்குத் தந்தது. நடப்போர் கையில் வைத்திருக்கும் அரசு நில அளவை வரைபடத்தில் பாதைகள் பச்சைக் கோடுகளாகவும், விடுதிகள் இரண்டே எழுத்துகளாலும் குறிக்கப்பட்டிருக்கும். விடுதி என்பது அங்கே குடிப்பதற்கு மட்டுமான இடமன்று. சேற்றுக் காலணியை வாசலில் கழற்றிவிட்டு, குழந்தையோடும் நாயோடும் அமர்ந்து உண்ணலாம். நம்மிடம் கள் 1987ஆம் ஆண்டின் முதல் நாளோடு தடைசெய்யப்பட்டது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையும் அரசிடம் வந்தது. நடந்து களைத்த குடும்பம் உட்கார்ந்து இளைப்பாறும் இடமாக அக்கடைகளை யாரும் நினைத்ததில்லை. மயிலாப்பூரைப் பொறுத்தவரை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது காப்பிதான்.

அந்நூலை எங்களைவிட ஆழ்ந்து படித்தவர் அப்பா. (எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் அவர் தந்தை; எனினும் வீட்டில் இருவருக்குமே அவர் அப்பாதான்.) அவருக்கு வயது எழுபத்தொன்பது. முப்பதாண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு காலையும் அபிராமபுரத்திலிருந்து மயிலைக் குளத்தருகே உள்ள ஒரு கடைக்கு நடந்துபோய், நண்பர்கள் இருவரோடு ஒரு காப்பி குடித்துவிட்டு வருவார். ராயர் மெஸ், கற்பகாம்பாள் மெஸ் என்று மயிலையில் பேர்பெற்ற இடங்கள் உண்டு. அப்பாவின் கடை அந்த வரிசையில் வராது. அதற்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பின், பதினான்கு மாதங்களாக அவர் வாசற்கதவைத் தாண்டவில்லை. நண்பர்களில் ஒருவர் இதற்கிடையே காலமானார். மற்றவர் தை மாதத்தோடு பெங்களூரில் உள்ள மகள் வீட்டிற்குச் சென்றுவிடப் போவதாகத் தொலைபேசியில் சொன்னார். காரில் அழைத்துப்போகிறோம் என்றோம். அப்பா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், “இதிலே யாரும் காரில் போகலையே” என்றார்.

இப்படித்தான் நாங்கள் ஒரு நடைக்குத் திட்டமிடத் தொடங்கினோம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது ஒன்றும் புதிய வேலையன்று என்பது சற்றுத் தாமதமாகவே உறைத்தது. பத்துப்பாட்டில் ஐந்து பாடல்கள் ஆற்றுப்படைகள்தாமே! பரிசில் பெற்று மீள்பவன் எதிர்ப்படுவோனிடம் வழி சொல்கிறான். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளே உடையது. அதற்குள் நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டுக்குப் போகும் வழி முழுதும் அடங்கிவிடுகிறது. எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் தேறலும் சுட்ட மீனும் கிடைக்கும். வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் வெண்சோறும் நண்டும். வகுப்பில் இருபது ஆண்டுகளாக இதை நிலத்துக்கேற்ற உணவு என்ற தலைப்பில் நடத்திவருகிறோம். அப்பாவுக்காக வழி தேடியபோதுதான் அதன் அமைப்பு வேறாகத் தெரிந்தது. அங்கே தூரக் கணக்கைவிட முதன்மையானது, அடுத்து எங்கே உட்கார வைத்துச் சோறு போடுவார்கள் என்பது. பசியும் களைப்பும் உள்ளவனுக்கு வழி என்பது அதுதான்.

எங்கள் வீட்டிலிருந்து குளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. அப்பாவின் இன்றைய நடைக்கு ஏறத்தாழ 4,000 அடிகள். தாழ்வாரத்திலும் மாடியிலும் பழகிப் பழகி, மார்கழியில் 150 அடிகள் நடந்தவர், தை பிறந்தபோது 300 அடிகள் வரை வந்திருந்தார். அதற்குமேல் உட்கார்ந்தாக வேண்டும். அப்படியானால் வழியில் பதின்மூன்று இருக்கைகள் வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதிகாலையில், அவர் அடியளவுக்குக் காலைச் சுருக்கி, எண்ணிக்கொண்டே நடந்து பார்த்தோம். கல்லூரி ஆசிரியர்கள் இருவர் தரையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டு போவதைக் கண்டு பால்காரர் வண்டியை நிறுத்தி, “ஏதாச்சும் தொலைஞ்சிடுச்சா சார்?” என்று கேட்டார்.

முதல் இருக்கை, தெருமுனை அடுக்ககத்துக் காவலரின் பிளாஸ்டிக் நாற்காலி. கேட்டதும் தருவதாக ஒப்புக்கொண்டார். இரண்டாவது, இஸ்திரி வண்டியருகே கிடக்கும் பலகை. செயின்ட் மேரிஸ் சாலையைக் கடந்த பின் ஒரு பிள்ளையார் கோயிற்படி. பிறகு வடக்கே உள்தெருக்களின் வழியாக லஸ் தேவாலயச் சாலையில் உள்ள நாகேஸ்வரராவ் பூங்கா; அங்கே மர நிழலில் எத்தனை நேரம் வேண்டுமாயினும் இருக்கலாம். அமிர்தாஞ்சன் நிறுவனரின் பெயர் தாங்கிய அந்தப் பூங்கா இல்லாவிட்டால் எங்கள் திட்டமே இல்லை. அதற்கு அப்பால் லஸ் முனை வழியாக மாட வீதி வரை உள்ள தூரம்தான் கடினமானது. மெட்ரோ பணிக்கான தடுப்புகள் வழியை ஒடுக்கியிருந்தன. நடைபாதையோ சில இடங்களில் ஒரு முழ உயரம். ஆங்கிலேயரின் வேலியேற்றப் படிகளாவது கால் வைக்க ஏற்றபடி இருக்கும். மொத்தம் ஒன்பது இருக்கைகளே தேறின. மீதி நான்கிற்கு ஒரு மடக்கு முக்காலி வாங்கினோம்.

பூங்காவோடு நிறுத்திக்கொள்ளலாம், நண்பரை அங்கே வரச் சொல்லலாம் என்று நாங்கள் சொன்னபோது அப்பாவுக்குக் கோபம் வந்தது. “காப்பி இல்லாத இடத்துக்கு எதுக்கு நடக்கணும்?” என்றார். திரும்பி வருவதற்கு மட்டும் ஆட்டோவுக்கு இசைந்தார். பாணனும் போகும்போதுதான் நடந்தான், மீளும்போது நல்லியக்கோடன் தேர் கொடுத்தானே என்று நாங்கள் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது.

தையின் மூன்றாம் ஞாயிறு, காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். காவலர் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார். பிள்ளையார் கோயிற்படி அன்று கழுவப்பட்டு ஈரமாயிருந்தது. முக்காலி அங்கேயே வெளிவந்தது. பூங்காவில் இருபது நிமிடம். அருகில் 1516இல் எழுந்த பிரகாச மாதா ஆலயத்தைக் காட்டுக் கோயில் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதை அப்பா எங்களுக்கு விளக்கினார். இங்கெல்லாம் ஒரு காலத்தில் காடாக இருந்ததாம். அந்தப் பேச்சு இளைப்பாறுவதற்கான ஒரு சாக்கு என்பது எங்களுக்குத் தெரியும்; தெரியும் என்பது அவருக்கும் தெரியும். லஸ் முனையைக் கடக்கையில் அவர் கை எங்கள் தோளில் அழுந்திய அழுத்தம் இன்னும் நினைவிருக்கிறது. அதன் பின் 300 அடிகள் 120 ஆயின. முக்காலியை நான்கு முறைக்குப் பதில் ஏழு முறை விரித்தோம்.

கடையை அடைந்தபோது எட்டரை மணி. நண்பர் ஏழு மணியிலிருந்து காத்திருந்தார். மேசையில் அவர் எதிரே ஒரு காலி நாற்காலி. யாரையும் அதில் உட்கார விடவில்லை என்று கடைக்காரர் சொன்னார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. “சர்க்கரை?” “பாதி.” “டாக்டர்?” “கேட்கலை.” மூன்றாம் காப்பி ஒன்றும் தானாகவே வந்தது; கடைக்காரர் பழக்க தோஷத்தில் போட்டுவிட்டாராம். அதை யாரும் திருப்பி அனுப்பவில்லை, குடிக்கவும் இல்லை. ஆடை படிந்து ஆறும் வரை அது மேசையிலேயே இருந்தது.

நண்பர் பெங்களூர் சென்றுவிட்டார். அப்பா இப்போது பிள்ளையார் கோயில் வரைதான் நடக்கிறார். மயிலைக்கு மறுபடி போவோமா என்று அவரும் கேட்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. சென்ற வாரம் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். பதினோராம் மாடியிலிருந்து கீழே இறங்கவே தோன்றவில்லை, எல்லாம் புது இடம் என்று குறைப்பட்டுக்கொண்டார் போலும். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “முதல்லே கீழே இறங்கு. வாசல்லேருந்து உட்கார ஒரு இடம் எத்தனை அடி தூரத்திலே இருக்குன்னு எண்ணிண்டு வா. நாளைக்குச் சொல்லு. அங்கேருந்து காப்பிக்கு வழி நான் சொல்றேன்.”