நாகேஷுக்கு எதற்கு ஃபில்டர்?



போன மாதத் தாளில் பத்தாம் வகுப்புத் தம்பி ஒருவர் தனக்குப் பிடித்த ரீல்ஸ் பிரபலத்தைப் பற்றி எழுதியிருந்தார். அவரை எத்தனை லட்சம் பேர் ஃபாலோ செய்கிறார்கள், என்ன போன் வைத்திருக்கிறார், காலையில் என்ன சாப்பிடுகிறார், எல்லாம் இருந்தது. அவர் என்ன வேலை செய்கிறார் என்பது மட்டும் இல்லை. தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்! அதைப் படித்ததும்தான் எனக்குப் பிடித்தவரைப் பற்றி நானும் எழுதலாமே என்று தோன்றியது. அவருக்கு எந்தக் கணக்கும் கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பே, 2009 ஜனவரி 31 அன்று, காலமாகிவிட்டார். நடிகர் நாகேஷ்!

என்ன, சிரிக்கிறீர்களா? எம்.ஜி.ஆர்., சிவாஜி எல்லாம் இருக்கும்போது இந்தப் பொண்ணு ஏன் காமெடியனைப் பிடித்துக்கொண்டது என்று கேட்பீர்கள். காரணம் என் முகத்தில் இருக்கிறது.

எட்டாம் வகுப்பு முடிந்த லீவில் எனக்குச் சின்னம்மை போட்டது. வேப்பிலை, இளநீர், மூன்று தண்ணீர் ஊற்றியது எல்லாம் முறைப்படி நடந்தது. உடம்பில் இருந்தது மறைந்துவிட்டது. முகத்தில் ஆறு குழிகள் மட்டும் நின்றுவிட்டன. நெற்றியில் ஒன்று, மூக்கோரம் இரண்டு, கன்னத்தில் மூன்று. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னை நலம் விசாரித்துவிட்டு, அம்மாவிடம் திரும்பி, "பொட்டப்புள்ள மூஞ்சில இப்படி ஆயிப்போச்சே" என்றார்கள். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிறந்தநாளுக்குத் தோழிகள் பத்துப் பேர் சேர்ந்து போட்டோ எடுத்தோம். "இரு, ஃபில்டர் போடறேன்" என்று ஒருத்தி சொன்னாள். அந்த ஃபில்டர் என்ன செய்கிறது தெரியுமா? போனில் இருக்கும் மென்பொருள் கண், மூக்கு, வாய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, மிச்சம் இருக்கும் தோலை எல்லாம் வழித்து மெழுகிவிடுகிறது. சாணி போட்டு வாசல் மெழுகுகிற மாதிரிதான். பத்துப் பேரும் ஒரே தட்டில் வெந்த இட்லி மாதிரி வந்திருந்தோம். என் இடத்தில் என் சாயலில் வேறு யாரோ நின்றாள். எல்லாரும் "சூப்பர்டி, இதுதான் நல்லா இருக்கு" என்றார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் அம்முச்சி டி.வி.யில் 'திருவிளையாடல்' பார்த்துக்கொண்டிருந்தார். தருமி வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "அந்த மூஞ்சியப் பாரு கண்ணு. உனக்கு ஆறு, அவருக்கு எண்ணி முடியாது. அந்த மூஞ்சியப் பாக்கத்தான் நாங்க டூரிங் கொட்டாய்க்கு நடந்தே போவோம்" என்றார்.

அதுவரை நான் மீம்ஸில்தான் தருமியைப் பார்த்திருந்தேன். அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். 1965-இல் வந்த படம். கலர் படம். கறுப்பு வெள்ளையில் தழும்பு தெரிந்திருக்காது என்று யாரும் சொல்ல முடியாது, நன்றாகவே தெரிகிறது. ஆனால் இரண்டு நிமிஷத்தில் எனக்கு அது மறந்துபோய்விட்டது. ஆயிரம் பொற்காசு வேண்டும், பாட்டு எழுத வராது. கோவில் மண்டபத்தில் தனியாகப் புலம்புகிறார். கை ஒரு பக்கம் போகிறது, கால் ஒரு பக்கம் போகிறது, குரல் அழுகையில் ஆரம்பித்துக் கோபத்தில் முடிகிறது. பிழை இருந்தால் அதற்குத் தகுந்த மாதிரி பரிசைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பேரம் பேசுகிறாரே, அங்கே நான் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. எதிரில் நிற்பவர் சிவாஜி கணேசன், புலவர் வேஷத்தில் வந்த சிவபெருமானாக! நம் கண் மட்டும் அந்த ஒல்லி மனிதரை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

அதற்குப் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். நாகேஷ் நம்ம தாராபுரத்தில் 1933-இல் பிறந்தவர். இயற்பெயர் குண்டுராவ். அவர் முகத்தில் இருந்தது பெரியம்மைத் தழும்பு. (இப்போது அந்த நோயே உலகத்தில் இல்லை. ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. எனக்கு வந்தது வேறு, சின்னது.) சென்னையில் ரயில்வேயில் வேலை பார்த்தார். ரயில்வேக்காரர்கள் போட்ட ஒரு நாடகத்தில் அவருக்கு வயிற்றுவலி நோயாளி வேஷம், வந்து போகிற சின்ன வேஷம்தான். வலியில் அவர் துடித்த துடிப்பைப் பார்த்து, தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். பாராட்டினாராம். அந்த ஒரு வயிற்றுவலிதான் ஆரம்பம். 1950-களின் கடைசியில் முதல் படம். 1964-இல் பார்த்தால் 'காதலிக்க நேரமில்லை', 'சர்வர் சுந்தரம்' இரண்டும் ஒரே வருஷம்.

'சர்வர் சுந்தரம்' பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கே.பாலசந்தர் எழுதிய கதை, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். ஹோட்டலில் டபரா டம்ளரை அடுக்கித் தூக்கிப் போகும் சர்வர் ஒருவர் சினிமாவில் பெரிய நடிகர் ஆகிறார். ஊரே கொண்டாடுகிறது. ஆனால் அவர் ஆசைப்பட்ட பெண் மனதில் இருப்பது அவருடைய அழகான நண்பர். முகத்தை வைத்து உலகம் எப்படி நடந்துகொள்ளும் என்று அந்த முகத்தை வைத்தே எடுத்த படம் அது! அழகாக இல்லாத ஒருவன் கதையில் நடிக்க, மேக்கப்பில் தழும்பை மூடிக்கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். நான் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்துவிட்டேன். மூன்று தடவையும் அழுதேன்.

பழைய சினிமா எல்லாம் நல்லது, புதுசு எல்லாம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் அப்பா அப்படித்தான் சொல்லுவார், எனக்குப் பிடிக்காது. அந்தக் காலத்து ஹீரோ ஹீரோயின்களும் பவுடரை அள்ளித்தான் பூசிக்கொண்டார்கள். நாகேஷ் கதாநாயகனாக நடித்த படங்கள் கொஞ்சம்தான். தேசிய விருது வந்தது 1994-இல் வெளியான 'நம்மவர்' படத்துக்கு, அதுவும் துணை நடிகருக்கானது. மகளை இழந்த அப்பாவாக அதில் நடித்திருப்பார். ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கும் மேலே ஆகிவிட்டது! அதே 1994-இல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக நடித்தார். பேச்சில்லை, அசைவில்லை. அப்படியும் தியேட்டரைச் சிரிக்க வைத்தவர்.

போனில் வரும் பிரபலங்களிடம் எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான். அவர்கள் முகத்தையே கடையில் வைத்திருக்கிறார்கள். முகம்தான் சரக்கு என்றால் அதில் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது, வயசும் ஆகக் கூடாது. இன்னொரு வழவழப்பான முகம் வந்ததும் விரல் மேலே தள்ளிவிடும். போன வருஷம் நாம் எல்லாரும் பேசிப் பேசி ஆடிய ஒருவரின் பெயரை நேற்று வகுப்பில் கேட்டேன். நாலு பேர் நாலு பெயர் சொன்னார்கள். நாகேஷிடம் முகம் ஒரு கருவி, அவ்வளவுதான். தச்சு ஆசாரி கையில் இருக்கும் உளி மாதிரி. அது பளபளப்பாக இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? அறுபது வருஷம் கழித்து, பதினாறு வயசுப் பெண்ணை ஒரு மண்டபத்துப் புலம்பல் சிரிக்க வைக்கிறது என்றால், செய்த வேலை அப்படி.

இந்த வருஷம் அடையாள அட்டைக்கு ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தபோது அங்கிருந்த அண்ணா கம்ப்யூட்டரில் என் முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "இதெல்லாம் எடுத்துரட்டுமா பாப்பா? காசு வேண்டாம்" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். நான் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தேன். தழும்பு மேல் எனக்கு ஆசை எல்லாம் வந்துவிடவில்லை. இப்போதும் கண்ணாடி பார்க்கும்போது கன்னத்தில் இருக்கும் மூன்றும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. ஆனாலும் "இருக்கட்டும்ணா" என்றேன். "அடையாள அட்டைதானே" என்று அவரே சொல்லிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டார்.

நாகேஷ் படமே பார்க்காதவர்கள் 'காதலிக்க நேரமில்லை'யில் அவர் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியிலிருந்து தொடங்கலாம். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்புறம் 'சர்வர் சுந்தரம்'. அம்முச்சி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். 1968-இல் வந்த 'எதிர்நீச்சல்'தான் முதலிடமாம். மாடிப்படிக்குக் கீழே குடியிருந்துகொண்டு, எல்லா வீட்டு வேலையும் செய்து, மிச்சச் சோறு தின்று காலேஜ் படிக்கும் மாது வேஷம் அதில். எங்கள் வீட்டில் இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தப் படத்தைச் சொல்கிறார்கள் என்று கேட்டு, இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் எழுதுங்கள். பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தயவுசெய்து யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்!

- பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி